சண்டை தீர்ப்பு வரை போகுமா? எம்எம்ஏ பந்தயத்தின் ஒரே ஒரு கேள்விக்கு முழுமையான வழிகாட்டி

எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டையில் யார் ஜெயிப்பார் என்று கேட்காமல், அது கடைசி ஹாரன் வரை நீடிக்குமா என்று மட்டும் கேட்கும் பந்தயம் இது. நடுவர்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட்டாலும் உங்களுக்குக் கவலையில்லை. மதிப்பெண் அட்டையை வாசிக்கும் நிலை வந்துவிட்டாலே "ஆம்" பக்கம் வைத்தவர் ஜெயித்துவிடுவார். இந்த எளிமையைப் பார்த்துத்தான் புதியவர்கள் வருகிறார்கள். வந்த பிறகு, "இவர் கை கனமானவர், முடித்துவிடுவார்" என்று வெற்றியாளரைத் தேடும் பழக்கத்தையே இங்கேயும் தொடர்ந்து பணத்தை விடுகிறார்கள்.

இங்கே கேள்வி கடிகாரத்தைப் பற்றியது. ஒவ்வொரு ரவுண்டையும் இருவரும் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் கணிக்க வேண்டும். அதற்குக் கேட்கும் விலை (ஆட்ஸ்) நியாயமா என்பதை அதன் பிறகே பார்க்க வேண்டும். வரிசை மாறினால் விலையே உங்கள் கணிப்பை எழுதிவிடும். கீழே உள்ளவை, எம்எம்ஏவின் மிகப் பெரிய அமைப்பான யூஎஃப்சியின் சண்டைகளை வைத்து எழுதியவை. மற்ற அமைப்புகள் எங்கே வேறுபடுகின்றன என்பது 4-ஆம் படியில் வருகிறது.

1. கணக்கு திறக்கும் முன்: சட்டமும் வரம்பும்

இந்தியாவில் இருப்பவர்களுக்குப் பணம் வைக்கும் பேச்சு இங்கேயே முடிகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்கிறது. விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்தில் ஆடலாம் என்று யாராவது சொன்னால், ஜெயித்த பணத்தை அந்தத் தளம் தராவிட்டால் எங்கே போய் முறையிடுவது என்று அவரிடமே கேளுங்கள். சிங்கப்பூரிலும் கதவு குறுகல்தான். அங்கே விளையாட்டுப் பந்தயத்துக்குச் சட்டப்படி உள்ள இடம் சிங்கப்பூர் பூல்ஸ், அதில் கால்பந்தும் மோட்டார் பந்தயமும்தான் கிடைக்கும். இந்த இரண்டு இடங்களிலும் இருப்பவர்கள் 4, 5, 6 படிகளை மட்டும் காகிதத்தில் செய்து பார்க்கலாம். சண்டையைப் பார்க்கும் கண் கூர்மையாகும், செலவும் இல்லை.

நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற தனியார் பந்தய நிறுவனங்கள் இயங்குகின்றன. வயது வரம்பு 19. பிரிட்டனில் 18, நெவாடாவில் 21. நிறுவனத்தின் பெயர் அந்த ஊர் ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கு திறங்கள். தகராறு வந்தால் உங்கள் பக்கம் நிற்க வேறு யாரும் இல்லை.

கணக்கு திறந்த கையோடு, முதல் பந்தயத்துக்கு முன்பே, மாத டெபாசிட் வரம்பைக் குறித்துவிடுங்கள். தோற்ற சூட்டில் யாரும் வரம்பு வைப்பதில்லை. வாடகை, கல்விக் கட்டணம், கடன் தவணை எதையும் தொடாத தொகையாக அது இருக்க வேண்டும். அப்படி ஒரு தொகை இப்போது இல்லையென்றால் காகிதப் பயிற்சியோடு நிற்பதே சரி.

2. பந்தயம் எப்படித் தீர்க்கப்படும் என்ற விதியைப் படியுங்கள்

யாரும் படிக்காத பக்கம் இது. ஆனால் புதியவர்களின் தகராறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"தீர்ப்பு வரை போகும்" என்றால் கடைசி ரவுண்டின் 5:00 நிமிடமும் முடிந்திருக்க வேண்டும். 4:59 போதாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2015-இல் டிமிட்ரியஸ் ஜான்சன், கியோஜி ஹொரிகுச்சியை ஐந்தாவது ரவுண்டின் 4:59-இல் ஆர்ம்பார் என்ற கைப்பூட்டில் மடக்கினார். 2018-இல் டென்வரில் 'கொரியன் ஸோம்பி' என்ற பட்டப்பெயர் கொண்ட வீரரிடம் பின்தங்கியிருந்த யாயிர் ரொட்ரிகெஸ், குனிந்த நிலையில் பின்பக்கமாக வீசிய முழங்கையால் அவரைச் சாய்த்தது ஐந்தாவது ரவுண்டின் 4:59-இல். 2024 ஏப்ரலில் யூஎஃப்சி 300-இல் மேக்ஸ் ஹாலோவே, ஜஸ்டின் கேத்ஜியை வீழ்த்தியதும் அதே ஐந்தாவது ரவுண்டின் அதே 4:59. மூன்று இரவுகளிலும் "ஆம்" என்று வைத்தவர்கள் 24 நிமிடம் 59 விநாடி ஜெயித்துக்கொண்டிருந்து தோற்றார்கள்.

அடுத்து விதியில் தேட வேண்டியவை நான்கு.

டெக்னிக்கல் டிசிஷன்: தெரியாமல் நடந்த ஃபவுலால் காயம்பட்டு, சண்டை பாதிக்கு மேல் போன பிறகு நின்றால், அதுவரையிலான மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வார்கள். பெயரில் "டிசிஷன்" இருந்தாலும் முழு நேரம் ஓடவில்லை என்பதால் பல நிறுவனங்கள் இதை "இல்லை" என்றே தீர்க்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை. இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

நோ கான்டெஸ்ட் (வெற்றி தோல்வி இல்லை என்று அறிவிப்பது): 2021 மார்ச்சில் லியான் எட்வர்ட்ஸ் – பெலால் முஹம்மது சண்டை, விரல் கண்ணில் குத்தியதால் இரண்டாவது ரவுண்டின் 18-ஆவது விநாடியில் நின்றது. இப்படி நின்றால் பணம் திரும்புமா, அல்லது நேரம் முடியவில்லை என்பதால் "இல்லை" ஜெயித்ததாக எடுத்துக்கொள்வார்களா? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

தகுதி நீக்கம்: அதே மாதம் பீட்டர் யான், கீழே இருந்த அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங்கை விதிக்குப் புறம்பாக முழங்காலால் தாக்கி நான்காவது ரவுண்டில் தோற்றார். இது பெரும்பாலும் "இல்லை" கணக்கில் போகும்.

மருத்துவர் நிறுத்துவது: 2019-இல் மாஸ்விடால் – நேட் டயஸ் சண்டையில் யாரும் மயங்கி விழவில்லை. புருவ வெட்டைப் பார்த்து மூன்றாவது ரவுண்டு முடிவில் மருத்துவர் நிறுத்திவிட்டார். ஐந்து ரவுண்டு சண்டை, ஆக "இல்லை". சட்டென்று தோல் கிழியும் முகம் கொண்ட வீரர்கள் இருக்கிறார்கள் என்பதை 5-ஆம் படிக்காக மனதில் வையுங்கள்.

3. பக்கத்தில் இருக்கும் இரண்டு சந்தைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

2.5 ரவுண்டுக்கு மேல் (ஓவர்) என்ற பந்தயம், மூன்றாவது ரவுண்டில் 2:30 தாண்டினாலே ஜெயிக்கும். ஐந்து ரவுண்டு சண்டையில் 4.5 என்பது ஐந்தாவது ரவுண்டின் 2:30. அந்த மூன்று 4:59 சண்டைகளிலும் 4.5-க்கு மேல் வைத்தவர்கள் பணம் வாங்கினார்கள். ஆகவே ஓவரின் வாய்ப்பு எப்போதும் தீர்ப்பின் வாய்ப்பைவிடச் சற்றுக் கூடுதல், ஜெயித்தால் கிடைக்கும் லாபம் சற்றுக் குறைவு. இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி கடைசி இரண்டரை நிமிடத்துக்கான விலை. தொடர்ந்து தாக்கி மூச்சு வாங்கும் இருவர் மோதும்போது அந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும், பொறுமையாக எட்டி நின்று அடிப்பவர்களுக்குச் சிறிதாக.

இன்னொன்று, "இன்னார் தீர்ப்பில் ஜெயிப்பார்" என்ற சந்தை. இரு வீரர்களுக்கும் உள்ள இந்த விலைகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட "ஆம்" கிடைக்க வேண்டும், டிராவைத் தவிர. ஒருவருக்கு +200 (100 டாலர் வைத்தால் 200 லாபம்), மற்றவருக்கு +350 என்று வையுங்கள். 100 டாலர் திரும்பி வர முதலாமவர் மேல் 33.33, இரண்டாமவர் மேல் 22.22, ஆக 55.55 டாலர் போதும். அதே நேரம் "ஆம்" -150-இல் (100 லாபத்துக்கு 150 வைக்க வேண்டும்) இருந்தால், அதே 100 டாலருக்கு 60 டாலர் வைக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் இந்தக் கூட்டு விலை அதிகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வெற்றி வழிச் சந்தையில் நிறுவனம் தன் பங்கைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது மாறி வரும். டிரா ஆனால் இரண்டும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

4. முதலில் ஓர் அடிப்படை எண்

விலைப் பக்கத்தை மூடி வையுங்கள். வீரர்களின் பெயரையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். எடைப் பிரிவு என்ன, எத்தனை ரவுண்டு, எந்த அமைப்பு என்ற மூன்று மட்டும் போதும்.

யூஎஃப்சியில் மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய பாதிச் சண்டைகள் தீர்ப்புக்குப் போகின்றன. ஆனால் இந்தப் பாதி எடைக்கு எடை மாறுகிறது. 265 பவுண்டு வரை போகும் ஹெவிவெயிட்டில் ஒரு சரியான குத்து போதும், தீர்ப்புகள் குறைவு. பெண்களின் 115 பவுண்டு ஸ்ட்ராவெயிட்டில் தீர்ப்புதான் வழக்கம். நடுவில் உள்ள பிரிவுகள் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் வரும். யூஎஃப்சியின் புள்ளிவிவரத் தளத்தில் எல்லா முடிவுகளும் நேரத்தோடு இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய பிரிவில் கடந்த இரண்டு ஆண்டு மூன்று ரவுண்டு சண்டைகளை நீங்களே உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு மாலை வேலை. அந்த எண் உங்கள் கையால் வந்ததாக இருந்தால்தான், பிறகு ஆசை அதை இழுக்கும்போது விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்.

ரவுண்டு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பட்டச் சண்டைகளும் முதன்மைச் சண்டைகளும் ஐந்து ரவுண்டு, மற்றவை பெரும்பாலும் மூன்று. மூன்று ரவுண்டு எண்ணைத் தூக்கி ஐந்து ரவுண்டு சண்டையில் வைப்பது, நான் பார்த்தவரை, புதியவர்களின் மிகச் சாதாரணமான பிழை.

அமைப்பு மாறினால் எண்ணும் மாறும். ஒன் சாம்பியன்ஷிப்பில் கீழே இருப்பவரின் தலையில் முழங்காலால் தாக்கலாம். ஜப்பானின் ரைஸினில் விழுந்தவரை உதைக்கவும் செய்யலாம். பிஎஃப்எல் 2024 வரை நடத்திய சீசன் முறையில் முதல் ரவுண்டில் முடித்தால் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன, ஆகவே வீரர்கள் அவசரப்பட்டார்கள். யூஎஃப்சியே நடத்தும் கன்டெண்டர் சீரிஸில் ஒப்பந்தம் வாங்க வேண்டும் என்பதற்காக முடிக்கத் துடிப்பார்கள். இந்த மேடைகளில் எடுத்த எண்ணை இன்னொன்றில் ஒட்டவைக்க முடியாது.

5. இருவரையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஜோடியாகப் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மற்றதெல்லாம் எண் வேலை.

2018 ஜூலையில் யூஎஃப்சி 226-இல் டெரிக் லூயிஸும் ஃப்ரான்சிஸ் இங்கானுவும் மோதினார்கள். இருவருமே ஒரே அடியில் ஆளைத் தூங்கவைப்பவர்கள், அதுவும் ஹெவிவெயிட். தனித்தனியாகப் பார்த்தால் தீர்ப்புக்கு வாய்ப்பே இல்லை. நடந்தது என்ன? 15 நிமிடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், கூட்டம் கூச்சல் போட்டது, லூயிஸ் தீர்ப்பில் ஜெயித்தார். அதே ஆண்டு ஜனவரியில் ஸ்டீப்பே மியோசிச்சிடம் தோற்ற பயத்தை இந்தச் சண்டைக்கும் சுமந்து வந்ததாக இங்கானு பின்னர் சொன்னார். இருவரும் எதிராளியின் கைக்குப் பயப்பட்டால், கனமான இரண்டு கைகள் சேர்ந்து சண்டையை நீட்டவும் செய்யும்.

எனவே ஒவ்வொரு ஜோடிக்கும் நான் கேட்கும் கேள்விகள் இவை.

யார் யாரை நோக்கி நடப்பார்? இருவரும் எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருப்பவர்கள் என்றால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 2020 மார்ச்சில் அடெசான்யா – யோயெல் ரொமேரோ ஐந்து ரவுண்டும் அப்படித்தான் போனது. அதே இரவில், அதே மேடையில், ஜாங் வெய்லி – யோவான்னா யெஞ்ஜேச்சிக் சண்டையும் ஐந்து ரவுண்டு போனது, ஆனால் ஓயாத அடிதடி. ஒன்று தயக்கத்தால் நீண்டது, இன்னொன்று தாங்கும் சக்தியால். நீங்கள் "ஆம்" என்று சொன்னால் இந்த இரண்டில் எந்தக் காரணத்தால் என்று எழுதிவையுங்கள். ஒரு வரி போதும். காரணம் எழுத வரவில்லை என்றால் கணிப்பு இன்னும் தயாராகவில்லை.

மல்யுத்தக்காரர் கீழே கொண்டுபோய் என்ன செய்வார்? டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது) எண்ணிக்கையைப் பார்த்தவுடன் "ஆம்" என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். பிடித்து வைப்பவர் வேறு, பிடித்தபின் கழுத்தைத் தேடுபவர் வேறு. சார்ல்ஸ் ஒலிவெய்ரா தரையில் நேரத்தைக் கடத்துபவர் இல்லை, யூஎஃப்சி வரலாற்றில் அதிக சப்மிஷன் (பூட்டுப் போட்டோ கழுத்தை நெரித்தோ சரணடைய வைப்பது) வெற்றிகள் அவருடையவை. மெராப் த்வாலிஷ்விலி நேர்மாறு, அவர் வெற்றிகளில் பெரும்பகுதி தீர்ப்பு. 2024 செப்டம்பரில் ஷான் ஓ'மாலியை ஐந்து ரவுண்டு இழுத்துத் தீர்ப்பில்தான் ஜெயித்தார். ஆனால் 2025 ஜூனில் அதே ஓ'மாலியை மூன்றாவது ரவுண்டில் சப்மிஷனில் முடித்தார். பாணி வாய்ப்பைத்தான் சொல்லும், உத்தரவாதத்தைச் சொல்லாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். வேகமாக முடிப்பவர் என்று பெயர் வாங்கிய கம்சாத் சிமாயெவ், 2025 ஆகஸ்டில் டு பிளெஸியை 25 நிமிடமும் கீழே போட்டு வைத்துத் தீர்ப்பில் பட்டம் வாங்கினார்.

யாருடைய தாடை தேய்ந்திருக்கிறது? "இதுவரை நாக்அவுட் ஆனதே இல்லை" என்ற வரி விலையை "ஆம்" பக்கம் தள்ளும். 2024 அக்டோபர் வரை மேக்ஸ் ஹாலோவே பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். இலியா டொபூரியா மூன்றாவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார். வயது, வாங்கிய மொத்த அடி, கடைசி சில சண்டைகளில் கால் தள்ளாடியதா என்று பார்ப்பது அந்த ஒற்றை வரியைவிட உதவும்.

பின்தங்கினால் என்ன செய்வார்? இரண்டு ரவுண்டு தோற்றுவிட்டு மூன்றாவதில் எல்லாவற்றையும் எறிந்து சண்டை போடுபவர் இருக்கிறார், தோல்வியை ஏற்று நேரத்தைக் கடத்துபவரும் இருக்கிறார். 2022 ஆகஸ்டில் எட்வர்ட்ஸ், உஸ்மானிடம் மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்து, ஐந்தாவது ரவுண்டின் 4:04-இல் தலையில் உதைத்து முடித்தார். இன்னும் 56 விநாடி இருந்தது.

புள்ளிவிவரங்களை எடுக்கும்போது யாருக்கு எதிராக வந்தவை என்று கவனியுங்கள். உள்ளூர் மேடைகளில் பலவீனமானவர்களைச் சாய்த்துச் சேர்த்த முதல் ரவுண்டு நாக்அவுட்கள், யூஎஃப்சிக்கு வந்த பிறகு அதே வேகத்தில் தொடர்வது அரிது. புதிதாக வருபவரின் "12-இல் 11 நாக்அவுட்" வகைக் கணக்குக்கு நான் கொடுக்கும் எடை மிகக் குறைவு. அதற்குப் பதில் அவருடைய கடைசி இரண்டு சண்டைகளை முழுதாகப் பார்க்கிறேன். ஹைலைட் துணுக்குகளைப் பார்த்து இந்தப் பந்தயத்தை முடிவு செய்யவே கூடாது. அவற்றில் முடிவுகள் மட்டும்தான் இருக்கும், எதுவும் நடக்காத பத்து நிமிடங்கள் இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ அந்தப் பத்து நிமிடங்கள்.

6. ரவுண்டு ரவுண்டாகப் பெருக்குங்கள்

"போகும் என்று தோன்றுகிறது" என்பதை எண்ணாக மாற்றும் படி. ஒவ்வொரு ரவுண்டும் தொடங்குகிறது என்று வைத்து, அந்த ரவுண்டிலேயே முடியும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பான்டம்வெயிட் எடைப் பிரிவு, மூன்று ரவுண்டு என்று வைப்போம். முதல் ரவுண்டில் முடிய 18%, இரண்டாவதில் 15%, மூன்றாவதில் 12%. தாண்டும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்: 0.82 × 0.85 × 0.88 = 0.613. அதாவது 61%.

முதல் ரவுண்டுக்கு அதிகம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இருவரும் புதிய வலுவோடு, வியர்வை வழுக்கல் இல்லாமல் இருக்கும் நேரம் அது. யூஎஃப்சியில் முடிவுகள் மிக அதிகமாக வருவதும் முதல் ரவுண்டில்தான். மூச்சு சீக்கிரம் போகும் ஹெவிவெயிட் என்றால் பிந்தைய ரவுண்டுகளை அப்படியே குறைத்துக்கொண்டு போகாதீர்கள். களைத்தவரால் முடிக்கவும் முடியாது, தற்காக்கவும் முடியாது.

இதே ஜோடி ஐந்து ரவுண்டு மோதினால்? நான்காவது, ஐந்தாவது ரவுண்டுக்குத் தலா 11% கொடுத்தால் 0.613 × 0.89 × 0.89 = 0.486. 61% என்பது 49% ஆகிவிட்டது. 4-ஆம் படியில் ரவுண்டு எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொன்னது இதனால்தான்.

வந்த எண்ணை உங்கள் அடிப்படை எண்ணோடு ஒப்பிடுங்கள். அடிப்படை 52, உங்கள் கணக்கு 61 என்றால், அந்த 9 புள்ளி எதனால் வந்தது என்று 5-ஆம் படிக் குறிப்பு சொல்ல வேண்டும். 20 புள்ளி விலகினால் என் கணக்கில்தான் தவறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவேன்.

7. இப்போது விலையைத் திறங்கள்

அமெரிக்க முறை ஆட்ஸைச் சதவீதமாக்குவது சுலபம். கழித்தல் குறி இருந்தால்: -150 என்பது 150 ÷ 250 = 60%. கூட்டல் குறி இருந்தால்: +130 என்பது 100 ÷ 230 = 43.5%. "ஆம்" -150, "இல்லை" +130 என்றால் கூட்டுத்தொகை 103.5%. அந்த 3.5 நிறுவனத்தின் பங்கு. 60-ஐ 1.035-ஆல் வகுத்தால் 58% வரும், சந்தையின் உண்மையான கருத்து அதுதான்.

நம் கணக்கு 61%, ஆனால் நாம் கொடுக்கும் விலை 60%. ஒரு புள்ளி வித்தியாசம் நம் கணிப்புப் பிழைக்குள்ளேயே கரைந்துவிடும். விட்டுவிடலாம். இன்னொரு நிறுவனத்தில் அதே "ஆம்" -133 என்று இருந்தால் விலை 57%. இப்போது 4 புள்ளி இடைவெளி, யோசிக்கலாம். தலா 10 டாலராக இப்படி நூறு பந்தயம் வைத்து, கணிப்பும் சரியாக இருந்தால், -150-இல் சுமார் 17 டாலர் மிஞ்சும், -133-இல் சுமார் 69. சண்டையைப் பற்றிய அறிவு இரண்டிலும் ஒன்றுதான், விலையைத் தேடிய ஐந்து நிமிடம்தான் வேறு.

இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் விதம் ஒன்று உண்டு. "இந்தச் சண்டை நிச்சயம் தீர்ப்புக்குப் போகும்" என்று சொல்லி -300-இல் வைப்பார்கள். -300 என்றால் 75%. நான்கில் மூன்று முறை நடந்தால்கூட லாபம் பூஜ்யம். கணிப்பு சரி, பந்தயம் தவறு.

பெரும்பாலான சண்டைகளில் இடைவெளி எதுவும் கிடைக்காது. ஓர் இரவில் பன்னிரண்டு சண்டை இருந்தால் ஒன்றோ இரண்டோ தேறலாம், எதுவும் தேறாமலும் போகலாம். சும்மா இருக்க முடியாதவர்களுக்கு இந்தச் சந்தை ஒத்துவராது.

8. சண்டை வாரத்தில் மாறுபவை

எடை பார்ப்பது பொதுவாகச் சண்டைக்கு முந்தைய நாள். முடிந்தவரை அதற்குப் பிறகு வையுங்கள். 2022 செப்டம்பரில் யூஎஃப்சி 279-க்கு முந்தைய நாள், 170 பவுண்டுக்கு ஒப்புக்கொண்ட சிமாயெவ் 178.5 பவுண்டோடு வந்து நின்றார். மேலே இருந்த மூன்று சண்டைகளின் ஜோடிகளையே மாற்றிப் போட வேண்டியதாயிற்று. ஜோடி மாறினால் பழைய பந்தயம் பொதுவாக ரத்தாகும், பணம் திரும்பும். ரவுண்டு எண்ணிக்கை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை 2-ஆம் படியில் சொன்ன விதிப் பக்கத்தில் பாருங்கள்.

கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வருபவருக்குப் பயிற்சி முகாம் இருந்திருக்காது. முதல் ரவுண்டில் எல்லாவற்றையும் கொட்டுவார், பிறகு மூச்சு வாங்குவார். என் எண்ணை "இல்லை" பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன்.

இடமும் உண்டு. லாஸ் வேகஸில் உள்ள யூஎஃப்சி ஏபெக்ஸின் கூண்டு 25 அடி, பெரிய அரங்குகளில் 30 அடி. சிறிய கூண்டில் விலகி ஓட இடம் குறைவு. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், அங்கே 2015-இல் கெய்ன் வெலாஸ்கெஸ் போன்ற ஓயாத இயந்திரமே களைத்துப் போய் மூன்றாவது ரவுண்டில் வெர்டூமிடம் சப்மிஷனில் தோற்றார். ஆனால் இவற்றுக்காக இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் நகர்த்தாதீர்கள். இந்தத் தகவல் விலை போடுபவருக்கும் தெரியும்.

சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு காரணமே தெரியாமல் விலை ஒரே பக்கம் பாய்ந்தால் ஒதுங்கிவிடுங்கள். 2022 நவம்பரில் டாரிக் மின்னர் – ஷயிலான் நூர்தான்பிகே சண்டைக்கு முன், சீக்கிரம் முடியும் என்ற பக்கம் பணம் குவிந்தது. சண்டை 67 விநாடியில் முடிந்தது. மின்னர் காயத்தை மறைத்து இறங்கினார் என்று நெவாடா ஆணையம் பின்னர் அவர் மேல் நடவடிக்கை எடுத்தது. ஒன்டாரியோவின் ஒழுங்குமுறை அமைப்பு அந்த டிசம்பரில் யூஎஃப்சி பந்தயங்களையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கும்போது உங்கள் 61%-க்கு அர்த்தமில்லை. பாயும் பக்கமே சேர்ந்து ஓடலாம் என்றும் தோன்றும். நீங்கள் போய்ச் சேரும்போது நல்ல விலை ஏற்கெனவே போயிருக்கும்.

9. எவ்வளவு வைப்பது

1-ஆம் படியில் ஒதுக்கிய மொத்தத் தொகையில் ஒரு பந்தயத்துக்கு 1%. எப்போதும் அதே அளவு. உறுதி அதிகமான நாளில் மூன்று மடங்கு வைப்பவர்களின் கணக்கைப் பார்த்தால், அந்த மூன்று மடங்குகள்தான் நஷ்டத்தில் இருக்கும். உறுதி என்பது பெரும்பாலும் நேற்றுப் பார்த்த ஒரு சண்டையின் தாக்கம்.

பார்லே (பல பந்தயங்களை ஒன்றாகக் கோர்த்து வைப்பது) வேண்டாம். மேலே பார்த்த -150 சந்தையில், சந்தையின் கருத்து சரி என்றால், ஒவ்வொரு பந்தயத்திலும் சுமார் 3.3% இழப்பு ஒளிந்திருக்கிறது. மூன்றைக் கோர்த்தால் அது சுமார் 9.7% ஆகிறது. நிறுவனங்களின் செயலிகள் பார்லேயைத்தான் முதல் பக்கத்தில் நீட்டுகின்றன. ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தோற்ற சண்டைக்கு அடுத்த சண்டையில் அதை மீட்கத் தோன்றினால் அன்றைக்குச் செயலியை மூடுங்கள். வரம்பை உயர்த்த வேண்டும் என்று தோன்றுவதும், வீட்டில் தொகையை மறைப்பதும் ஒரே பாதையில் வருபவை. ஒன்டாரியோவில் கனெக்ஸ்ஒன்டாரியோ உதவி எண் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது. உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களிலும் உங்களை நீங்களே தடை செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது.

10. குறிப்பேடு

ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஐந்து பத்தி: என் எண், காரணம் ஒரு வரியில், வைத்த விலை, சண்டை தொடங்கும் முன் இருந்த கடைசி விலை, முடிவு.

இதில் நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். -133-இல் வைத்தீர்கள், சண்டை தொடங்கும்போது அது -160 ஆகியிருந்தது என்றால், சந்தை உங்கள் பக்கம் வந்திருக்கிறது. அந்தச் சண்டை முதல் ரவுண்டிலேயே முடிந்து பணம் போயிருந்தாலும் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். தொடர்ந்து எதிர்ப்பக்கமே போகிறது என்றால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அது அதிர்ஷ்டம்.

வைக்காமல் விட்ட சண்டைகளின் எண்ணையும் எழுதுங்கள். 60% என்று நீங்கள் எழுதிய சண்டைகள் ஒரு ஐம்பது சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். முப்பதை ஒட்டி வந்தால் உங்கள் கை நிதானமாக இருக்கிறது. இருபதை ஒட்டி வந்தால் தீர்ப்புப் பக்கம் அதிகமாகச் சாய்கிறீர்கள். அப்போது 6-ஆம் படிக்குத் திரும்பி முதல் ரவுண்டுக்குக் கொடுக்கும் எண்ணை முதலில் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கிறது.